எலும்பு மச்சை மாற்றும் ஐந்து கோப்பைக் கஞ்சியும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கங்களில் நோயாளியைப் பார்க்க எவரும் வெறுங்கையோடு போவதில்லை. தோடம்பழம், திராட்சை, மோல்ட் மா டின் ஒன்று, கொஞ்சம் பேரீச்சம்பழம், உம்றா போய்வந்த வீட்டிலிருந்து குட்டிப் போத்தலில் ஸம்ஸம். ஆனால் எலும்பு மச்சை மாற்று சிகிச்சை நடக்கும் அறை வாசலில் இந்தப் பையை வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். தேன் வேண்டாம், கருஞ்சீரகம் வேண்டாம், வீட்டுத் தயிர் வேண்டவே வேண்டாம். வெளியே நிற்கும் உம்மா கேட்பது ஒரே கேள்விதான்: “அப்ப என்னத்தத்தான் குடுக்குற?”

நியாயமான கேள்வி. மருத்துவம் அதற்குச் சொன்ன பதில் கடந்த 50 ஆண்டுகளில் சில தடவை மாறிவிட்டது. நோய் வந்தால் பத்தியம் என்று பழகிய நம் மனதில், எதைக் கொடுக்கக் கூடாது என்ற பட்டியல் உடனே பதிந்துவிடுகிறது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு பதிவதில்லை. இந்த நோயாளியைக் கீழே தள்ளுவது பல வேளைகளில் அந்த இரண்டாவது கணக்கில் வரும் குறைதான்.

முதலில் சிகிச்சையைப் பார்த்துவிடுவோம். பெரிய எலும்புகளின் உள்ளே இருக்கும் மென்மையான பொருள்தான் மச்சை. செங்குருதிக் கலங்கள், வெண்குருதிக் கலங்கள், குருதிச் சிறுதட்டுகள் எல்லாமே அங்குள்ள ஸ்டெம் செல்களிலிருந்துதான் பிறக்கின்றன. லுக்கேமியா போன்ற குருதிப் புற்றுநோய்களிலும், மச்சை வற்றிப்போகும் நோய்களிலும், தலசீமியாவிலும் பழைய மச்சையைக் கடும் மருந்தாலோ கதிர்வீச்சாலோ அழித்துவிட்டு, பொருந்திவரும் ஒருவரின் ஸ்டெம் செல்களை ஏற்றுகிறார்கள். சில நோய்களுக்கு நோயாளியின் சொந்தக் கலங்களையே முன்கூட்டி எடுத்துவைத்துத் திரும்பக் கொடுப்பார்கள். “ஒப்பரேஷன் எத்தனை மணிக்கு?” என்று கேட்டுக்கொண்டு நிற்கும் சொந்தக்காரர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கத்தி கிடையாது, தையல் கிடையாது. இரத்தம் ஏற்றுவதைப் போல ஒரு பையிலிருந்து நாளம் வழியே இறங்கும், அவ்வளவுதான். கஷ்டத்தின் பெரும்பகுதி அதற்கு முந்திய வாரத்திலும் பிந்திய மூன்று வாரங்களிலும் இருக்கிறது.

இதை மனிதரில் முதலில் முயன்றவர்களில் ஒருவர் அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ். 1957இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 6 நோயாளிகள். ஒருவரும் நீண்ட நாள் பிழைக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. 1990இல் நோபல் பரிசு பெற்றார். நம் பக்கத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மம்மன் சாண்டியின் குழு 1986இல் இதைத் தொடங்கியது. வேலூருக்கும் சென்னைக்கும் இலங்கையிலிருந்து இன்றும் நோயாளிகள் போகிறார்கள். இப்போது கொழும்பில் தனியார் வைத்தியசாலையிலும் மஹரகம அபேக்ஷாவிலும் இந்தச் சிகிச்சை உண்டு. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருந்தாலும், மச்சை மாற்றென்றால் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். வேறொருவரின் மச்சையைப் பெற்றவர் முதல் 100 நாட்களாவது வைத்தியசாலைக்குப் பக்கத்தில் தங்கவேண்டியிருக்கும். வாடகை அறை ஒன்று, காஸ் அடுப்பு ஒன்று, ஊரிலிருந்து மாறிமாறி வரும் சாச்சியும் ராத்தாவும். இந்தச் சிகிச்சையில் சமையல் என்பது பெரும்பாலும் அந்த அறையில் நடப்பதுதான்.

மச்சையை அழிக்கும் மருந்துக்கு மச்சையை மட்டும் தேடிப்பிடிக்கத் தெரியாது. வேகமாகப் பெருகும் கலங்கள் எங்கிருந்தாலும் அடிக்கும். முடி கொட்டுவது அதனால்தான். முடி போனால் முளைக்கும், அதில் பெரிய நட்டமில்லை. குடல் அப்படியல்ல. வாயிலிருந்து ஆசனவாய் வரை உள்ளே விரித்திருக்கும் மெல்லிய தோல், குடலில் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. உடம்பில் இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள் குறைவு. மருந்து அந்தப் புதுப்பித்தலை நிறுத்தியதும் பழைய தோல் உதிர்கிறது, புதிது வருவதில்லை. வாயில் புண், தொண்டையில் புண், எச்சில் விழுங்கவே மோர்பின் தேவைப்படும் அளவுக்கு வலி. குடலில் புண் கண்ணுக்குத் தெரியாது, வயிற்றோட்டமாக வெளிப்படும். புண் உச்சத்துக்கு வருகிற அதே நாட்களில்தான் வெண்குருதிக் கலங்கள் ஏறக்குறைய பூச்சியமாக இருக்கும். குடலில் குடியிருக்கும் பக்டீரியா புண் வழியே இரத்தத்துக்குள் நுழைய, தடுக்க அங்கே ஆளில்லை.

நாக்கின் சுவை அரும்புகளும் வேகமாகப் புதுப்பிக்கப்படுபவை. எதை வாயில் வைத்தாலும் இரும்பைச் சப்புவது போலிருக்கிறது என்பார்கள். அறுக்குளா ஆணம் வாசத்துக்கே எழும்பி உட்காரும் மனிதர், மூடியைத் திறக்க முன்பே முகத்தைத் திருப்புவார். “ஒரு வாய் தின்னு மகன்” என்று கெஞ்சும் உம்மாவுக்கு இது பிடிவாதம் போலத் தெரியும். பிடிவாதம் இல்லை. அவருக்கு அந்த ஆணம் உண்மையாகவே வேறொரு பொருள்.

வாய்ப்புண்ணுக்கு மலிவான ஒரு தடுப்பு உண்டு. மெல்ஃபலான் என்ற மருந்து ஏறும்போது, அதற்குச் சற்று முன்னிருந்து பின்வரை, வாயில் ஐஸ் துண்டுகளைப் போட்டுச் சப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குளிரில் வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், மருந்து அங்கே போவது குறையும், புண்ணும் குறையும். பல ஆய்வுகளில் உறுதியான விஷயம் இது. கோடிக்கணக்கில் செலவாகும் துறையில் ஐஸ் கட்டிக்கும் ஓர் இடம் இருப்பது எனக்கு இன்னும் வியப்புத்தான். ஐஸ் கொதித்தாறிய நீரில் செய்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். இந்த நாட்களில் நோயாளி கட்டிலில் படுத்திருந்தாலும் உடம்பு ஓய்வில் இல்லை. காய்ச்சல், தொற்று, புண் ஆறுவது, புது மச்சை வேர்பிடிப்பது எல்லாவற்றுக்கும் எரிபொருள் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 முதல் 35 கலோரி, சுமார் 1.5 கிராம் புரதம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1500 முதல் 1750 கலோரியும் 75 கிராம் புரதமும். இது கிடைக்காவிட்டால் உடம்பு தசையைக் கரைத்துப் புரதம் எடுக்கும். கைகால் தசை மட்டுமல்ல, மூச்சுவிட உதவும் தசையும் கரையும்.

நம் வீடுகளில் நோயாளிக்குக் கொடுப்பதோ நீர்த்த அரிசிக் கஞ்சி. ஒரு கோப்பைக் கஞ்சிக்கு 25 கிராம் அரிசி என்று வையுங்கள். ஏறக்குறைய 90 கலோரி, 2 கிராமுக்குச் சற்றுக் குறைந்த புரதம். 1500 கலோரிக்கு 17 கோப்பை குடிக்க வேண்டும். குடித்தாலும் புரதம் 31 கிராமைத் தாண்டாது. தொண்டையில் புண் உள்ளவர் 17 கோப்பை குடிப்பாரா? மூன்று கோப்பை உள்ளே போனாலே அன்றைக்கு வீட்டில் பெருநாள்.

ஆனால் கஞ்சியின் மீது குற்றமில்லை, நீர்த்த கஞ்சியின் மீதுதான். நம்மிடமே இதற்கு விடை இருக்கிறது: நோன்புக் கஞ்சி. அதே 25 கிராம் அரிசியுடன் தோல் நீக்கிய பாசிப்பயறு 25 கிராம், எலும்பில்லாத கோழி 40 கிராம், கட்டித் தேங்காய்ப்பால் 50 மில்லிலீற்றர். கலோரி 300ஐத் தாண்டும், புரதம் 16, 17 கிராம் வரும். இப்படி ஐந்து கோப்பை, நாள் முழுதும் பிரித்துக் கொடுத்தால் 50 கிலோ நோயாளியின் அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். கோழியையும் பயறையும் குழைய அவித்து மசித்துவிட்டால் கடிக்கத் தேவையில்லை. மிளகாயும் மிளகும் புண்ணில் எரியும் என்பதால் விட்டுவிடலாம். தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கிவிடாமல் இன்னொரு கொதி வரவிட வேண்டும். சூடாக அல்ல, ஆறிய பதத்தில் கொடுக்க வேண்டும். பள்ளிவாசல் கிடாரத்துக் கஞ்சியை மட்டும் கொண்டுபோக வேண்டாம். அதன் ருசிக்கு நிகரில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அஸர் முதல் மஃரிப் வரை, பல கை மாறி, வாளியில் நிற்கும் உணவு அது.

வாய்வழி எதுவுமே போகாத நாட்கள் வந்தால்? அங்கேதான் நாளம் வழி உணவின் கதை தொடங்குகிறது. சுவீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் 1960களின் தொடக்கத்தில் சோயா எண்ணெயையும் முட்டை மஞ்சள் கருவின் பொஸ்போலிப்பிட்டையும் கொண்டு, இரத்தத்தில் நேரே ஏற்றக்கூடிய பால்போன்ற கொழுப்புத் திரவத்தை உருவாக்கினார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி டட்ரிக்கும் அவரது சகாக்களும் நாய்க்குட்டிகளை நாளம் வழி உணவால் மட்டுமே வளர்த்துக் காட்டினார்கள். குட்டிகள் சாதாரணமாக உண்ட குட்டிகளுக்குச் சமமாக வளர்ந்தன. குடலே இல்லாமலும் வாழலாம் என்று அன்றுதான் தெரிந்தது. மச்சை மாற்றின் தலைநகரான சியாட்டிலில் ரொபர்ட் ஹிக்மன், நெஞ்சுத் தோலுக்கடியில் செலுத்தி இதயத்துக்கருகே போய் நிற்கும் குழாயொன்றைச் சீரமைத்து 1979இல் வெளியிட்டார். மச்சை மாற்று நோயாளிகளுக்கென்றே உருவான குழாய் அது. இன்றும் வார்ட்டில் “ஹிக்மன் லைன்” என்றால் அதுதான்.

மார்க்கப் பேணுதலுள்ளவர்கள் இந்த வெள்ளைப் பையைப் பார்த்து, ஹலாலா என்று தயங்கிக் கேட்பதுண்டு. வழமையான கொழுப்புத் திரவம் மேலே சொன்னபடி சோயாவும் முட்டையும். சிலவற்றில் ஒலிவ் எண்ணெயோ மீன் எண்ணெயோ சேரும். விற்றமின் குளிசைகளின் ஜெலட்டின் உறையைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கும். கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை.

1987இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து சாலி வைஸ்டோர்ஃப் குழு 137 நோயாளிகளின் ஆய்வை வெளியிட்டது. நாளம் வழி முழு உணவு பெற்றவர்கள் நீண்டகாலத்தில் அதிகமாகப் பிழைத்தார்கள். அதன்பின் பல நிலையங்களில் மச்சை மாற்று என்றால் கூடவே வெள்ளைப் பையும் என்ற வழக்கம் வந்தது. மருத்துவத்தில் நல்ல யோசனை ஒன்று வழக்கமாக மாறியதும் கேள்வி கேட்பது நின்றுவிடும். இங்கேயும் சில காலம் நின்றது.

பிறகு கணக்கின் மறுபக்கம் தெரியத் தொடங்கியது. நாளத்தில் ஓடும் குளுக்கோஸ் இரத்தச் சீனியை ஏற்றியது. ஈரல் களைத்தது. குழாய் வழியே தொற்று வந்தது. இன்னொரு பெரிய நட்டம் குடலுக்கு. குடலின் கலங்கள் தங்கள் உணவில் ஒரு பகுதியை இரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, குடலுக்குள் நடந்துபோகும் உணவிலிருந்தே எடுக்கின்றன. நாட்கணக்கில் ஒன்றும் வராவிட்டால் குடல் தோல் மெலிகிறது. அங்கே வாழும் நல்ல பக்டீரியாவும் பட்டினி கிடக்கின்றன. ஆகவே இன்றைய ஐரோப்பிய வழிகாட்டல்கள் வரிசையை மாற்றிவிட்டன: முதலில் வாய், முடியாவிட்டால் மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாய், குடல் வேலைசெய்யாத நிலையிலும், நிற்காத வாந்தியிலும், கடும் வயிற்றோட்டத்திலும்தான் நாளம்.

மூக்குக் குழாய் என்றதும் நம் வீடுகளில் அழுகை தொடங்கிவிடும். குழாய் போட்டால் ஆள் முடிந்தது என்ற நினைப்பு. பக்கவாதத்தில் கிடந்த மூத்தாப்பாவுக்குக் கடைசியில் போட்ட குழாய்தான் கண்முன் வரும். இங்கே நிலைமை வேறு. புண் வருமுன்பே, நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே குழாயைப் போட்டுவிடுவது நல்லது. சிறுதட்டுகள் குறைந்து, தொண்டை புண்ணான பிறகு போட்டால் இரத்தம் கசியும், வலியும் அதிகம். குழாய் இருந்தால் “தின்னு, தின்னு” என்ற தினசரிச் சண்டையும் நிற்கும். முடிந்த அளவு வாயால் உண்பார், மீதியை இரவில் சொட்டுச் சொட்டாகக் குழாய் பார்த்துக்கொள்ளும். சில மருந்துகளையும் அதன் வழியே கொடுக்கலாம்.

சில வாரங்களாகச் சரியாக உண்ணாதவருக்குத் திடீரென்று முழு அளவு உணவு கொடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் வயிறார உண்ட பிறகு இறந்தார்கள். பட்டினியில் இருந்த உடம்பு திடீரென்று மாச்சத்தைப் பெற்றதும் இன்சுலின் சுரக்கிறது. இரத்தத்திலிருந்த பொஸ்பேற்று, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் கலங்களுக்குள் ஓடிவிடுகின்றன. இதயம் தடுமாறுகிறது. ஆகவே மெலிந்துபோனவருக்கு உணவைச் சில நாட்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும், இரத்தத்தைப் பரிசோதித்தபடி, தயமின் விற்றமினையும் சேர்த்து. ஒரேயடியாகத் தேற்றிவிடலாம் என்ற பாசத்துக்கு இங்கே இடமில்லை.

குடல் பக்டீரியா பற்றிச் சொன்னேன். இந்தத் துறையில் கடந்த 20 ஆண்டுகளில் நடந்த பெரிய திருப்பமே அதுதான். முன்பு எல்லாரும் பக்டீரியாவை அழிக்கவே பார்த்தார்கள். 1970களில் நுண்ணுயிரற்ற எலிகளில் மச்சை மாற்றிய ஆய்வாளர்கள், அந்நிய மச்சை உடம்பைத் தாக்கும் நோய் அவற்றில் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். மனிதரையும் அப்படி வைக்கலாம் என்று நம்பி, வடிகட்டிய காற்று ஓடும் அறைகளில் அடைத்து, கதிர்வீச்சால் கிருமி நீக்கிய உணவைக் கொடுத்தார்கள். உணவுக்கு ருசியே இல்லை. உண்ணவே முடியாத நோயாளிக்கு உண்ணவே முடியாத உணவு. அந்தக் கடுமை பின்னர் தளர்ந்து, பச்சைப் பழம், பச்சை மரக்கறி எல்லாம் விலக்கு என்ற பட்டியலாக மிஞ்சியது. வாசலில் தோடம்பழப் பையை வாங்கி வைப்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

அந்தப் பட்டியலைப் பரீட்சித்துப் பார்க்க வெகுகாலமாயிற்று. சிக்காகோவில் 726 மச்சை மாற்று நோயாளிகளின் பதிவுகளை 2012இல் ஒப்பிட்டார்கள். பட்டியலைப் பின்பற்றியவர்களில்தான் தொற்று கூடுதல். அமெரிக்காவில் புற்றுநோய் மருந்து பெறும் 150 சிறுவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது: கடும் கட்டுப்பாட்டில் 35 வீதத்தினருக்குத் தொற்று, சாதாரண உணவுச் சுகாதாரத்தோடு எல்லாம் உண்டவர்களில் 33 வீதம். 2023இல் இத்தாலியில் 222 பேர்: கட்டுப்பாட்டில் 65 வீதம், கட்டுப்பாடின்றி 62 வீதம். பட்டியல் காப்பாற்றவில்லை, தட்டைத்தான் வெறுமையாக்கியது என்பதே என் தீர்ப்பும்.

பக்டீரியா எல்லாம் எதிரி என்ற எண்ணத்துக்கும் அடி விழுந்தது. நியூயோர்க், டர்ஹம், ஜேர்மனியின் ரேகன்ஸ்பர்க், ஜப்பானின் சப்போரோ ஆகிய நான்கு நகரங்களின் 1362 நோயாளிகளிடமிருந்து 8767 மல மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், குடலில் பல்வகை பக்டீரியா உள்ளவர்கள் அதிகம் பிழைத்தார்கள். ஒரே வகை ஆதிக்கம் செலுத்திய குடல்களில் மரணம் கூடுதல். பல வகைகள் வாழ வேண்டுமானால் நார்ச்சத்தும் மாச்சத்தும் குடலுக்குப் போக வேண்டும். சமிபாடாத உருளைக்கிழங்கு மாவை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் முயற்சியும் மிச்சிகனில் தொடங்கியது. ஆறிய சோற்றிலும் அப்படிப்பட்ட மாச்சத்து உண்டு என்று வாசித்ததும் யாராவது பழஞ்சோற்றுப் பெருமை பேசத் தொடங்குவார்கள் என்பது தெரியும். தயவுசெய்து வேண்டாம். அறை வெப்பத்தில் இரவெல்லாம் நின்ற சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா பெருகி நஞ்சு விடும். மறுபடி சூடாக்கினாலும் அதன் ஒரு நஞ்சு அழியாது. சுகமானவருக்கு அது ஒரு நாள் வாந்தி. வெண்குருதிக் கலம் இல்லாதவருக்கு உயிர் ஆபத்து.

பட்டியல் தேவையில்லை என்றால் எல்லாம் உண்ணலாமா? இங்கேதான் கவனம் வேண்டும். அந்த ஆய்வுகளில் கட்டுப்பாடின்றி உண்டவர்களும் சுத்தமான நீரில் கழுவி, குளிரூட்டியில் வைத்து, முழுதாக அவித்த இறைச்சி உண்டவர்கள். இத்தாலியின் குழாய் நீர் வேறு, நம் கிணறு வேறு. கரையோர மணலில் தோண்டிய ஆழமில்லாக் கிணற்றுக்குப் பக்கத்தில் மலசலகூடக் குழி. மருதமுனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இரண்டுக்கும் நடுவே இடமே கிடையாது. மணல் கிருமியை முழுதாக வடிகட்டாது. குழாய் நீர் வந்த வீடுகளில்கூடத் தாங்கியில் நின்ற நீர்தான் கைக்கு வருகிறது. ஆகவே குடிக்கவும், பழம் கழுவவும், பல் விளக்கவும் கொதித்தாறிய நீர். ஸம்ஸம் என்றாலும் கொதிக்கவைத்துத்தான். பரக்கத்துக்காகக் கொண்டுவந்ததைப் பாதுகாப்பாகக் கொடுப்பதில் குறையொன்றுமில்லை.

மீன் நம் கரையின் பலம். அவித்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு, மென்மையானது, மசித்தால் புண்வாய்க்கும் இறங்கும். ஆனால் சூரை, கீரி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் வெயிலில் கிடந்தால் உள்ளே ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. காலையில் கரைக்கு வந்து ஐஸில் வைத்த மீனை வாங்கி அன்றே சமைத்துவிட வேண்டும். பகல் மீதியை இரவுக்கு வைக்கும் பழக்கத்தை இந்த வீட்டில் நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில்.

தேங்காய்ச் சம்பல்தான் பலருக்கும் கடினமான பிரிவு. பச்சைத் தேங்காய், பச்சை வெங்காயம், காய்ந்த மாசி, அம்மியிலோ கையிலோ பிசைவது, ஒன்றுகூட அடுப்பைக் காணவில்லை. வல்லாரைச் சம்பலும் அப்படியே. மிளகுத்தூளையும் கறித்தூளையும் இறக்கிய பிறகு தூவக் கூடாது. காய்ந்த வாசனைப் பொருட்களில் பங்கசு வித்துகள் இருக்கும், அவை நுரையீரல் வரை போய் வேலை காட்டும். கருஞ்சீரகத்தைப் பச்சையாக மெல்லக் கொடுக்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். ஆணத்தோடு சேர்ந்து கொதித்தால் பிரச்சினை குறைவு. சட்டித் தயிரில் என்னென்ன வளர்கின்றன என்று எவராலும் சொல்ல முடியாது. வெண்குருதிக் கலங்கள் திரும்பும் வரை அதை விட்டுவிடலாம். முட்டையை மஞ்சள் கரு இறுகும் வரை அவித்தால் போதும், ஒன்றில் 6 கிராம் புரதம்.

புது மச்சை வேர்பிடித்த பிறகும் கதை முடிவதில்லை. அந்நிய மச்சையின் வெண்குருதிக் கலங்கள் நோயாளியின் குடலையே அந்நியம் என்று எண்ணித் தாக்கலாம். லீற்றர் கணக்கில் வயிற்றோட்டம் போகும். அப்போது நார், கொழுப்பு, பால் மூன்றையும் நிறுத்தி மிக மெதுவாகத் திரும்ப வேண்டும். மேலே சொன்ன பயற்றுக் கஞ்சியும் அந்த நாட்களுக்கு ஆகாது. பாலைப் பற்றி 2019இல் ஒரு சுவையான கண்டுபிடிப்பு வந்தது: குடலில் எஞ்சும் லக்டோஸ் என்ற பாற்சீனியை உண்டு என்டரோகொக்கஸ் பக்டீரியா பெருகுகிறது, அது இந்தத் தாக்குதலை ஊக்குவிக்கிறது, எலிகளுக்கு லக்டோஸ் இல்லாத உணவு கொடுத்தபோது நோய் தணிந்தது. நம் மக்களில் பலருக்கு வளர்ந்த பின் லக்டோஸைச் சமிக்கும் ஆற்றல் இயல்பிலேயே குறைவு. தேற்றுவதற்கென்று வேளைக்கு வேளை பால்மா கரைத்துக் கொடுக்கும் பழக்கத்தை வைத்தியரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

அந்தத் தாக்குதலை அடக்கும் மருந்துகளான சைக்ளோஸ்போரினும் டக்ரோலிமஸும் தட்டோடு நேரே மோதுபவை. கிரேப்புரூட்டும் நம் பம்பளிமாசும் இரத்தத்தில் இவற்றின் அளவை ஆபத்தாக ஏற்றிவிடும். இந்த மருந்துகள் பொட்டாசியத்தைக் கூட்டும் என்பதால், ஓர் இளநீரில் அரைக் கிராமுக்கு மேலும் பொட்டாசியம் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். நாட்டு மருந்து, கசாயம், தூள் எதையும் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஸ்டெரொய்ட் கொடுத்தால் சீனி ஏறும். உடனே வீட்டில் சோற்றைக் குறைப்பார்கள், இது தவறு. சீனிக்கு இன்சுலினைக் கூட்டுவது வைத்தியரின் வேலை. சாப்பாட்டைக் குறைத்தால் ஸ்டெரொய்டும் பட்டினியும் சேர்ந்து தசையைத் தின்னும்.

றமழான் வந்தால் நோயாளி நோன்பு பிடிக்கத் துடிப்பார். நோயாளிக்கு விலக்கு உண்டென்பதைக் குர்ஆனின் அல்பகறா அத்தியாயமே சொல்கிறது. மருத்துவக் காரணமும் எளிது: 12 மணி நேரத்துக்கொரு முறை விழுங்க வேண்டிய குளிசை, நீர் குறைந்தால் அதே குளிசையால் அடிபடும் சிறுநீரகம். கழாவா பித்யாவா என்பதை மௌலவியிடம் கேளுங்கள், பிடிக்கலாமா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று மிச்சமிருக்கிறது. மாற்றுச் சிகிச்சைக்குத் திகதி கிடைத்த நாளுக்கும் அறைக்குள் போகும் நாளுக்கும் இடையில் பல குடும்பங்களுக்குச் சில வாரங்களாவது இருக்கும். பணம் திரட்டுவதிலும் கடிதங்களுக்கு அலைவதிலும் அது போய்விடுகிறது. புண் வந்த பிறகு ஒரு கிலோ ஏற்றுவது பெரும்பாடு. வருமுன் அதே கிலோவை ஏற்றுவது வீட்டுச் சமையலாலேயே முடியும். பருமனாக இருக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள், கொழுப்புக்கு உள்ளே தசை வற்றியிருக்கலாம். திகதி கிடைத்த அன்றே போசணை வைத்தியரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பற்களையும் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். கிழமைக்கு ஒருமுறை, ஒரே தராசில், காலையில் எடை பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். சேலைன் ஏறும் நாட்களில் உடம்பில் நீர் தங்கி எடை கூடியதாகக் காட்டும், அதை நம்ப வேண்டாம். கைத்தசையைத் தொட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் எழுதுவதை நிறுத்தாதீர்கள். ஒரு மாதத்தில் எடை 5 வீதம், அதாவது 50 கிலோவில் இரண்டரைக் கிலோ, இறங்கினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் வார்ட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள்.